டிவிக்கு வயர் இல்லாத எச்டிஎம்ஐ உண்டா? வயர்லெஸ் யுஎஸ்பி என்று ஒன்று வந்ததே, அது எங்கே போனது?

#1 திண்ணைத்தம்பி

வீட்டில் பெயிண்ட் வேலை எல்லாம் முடிந்துவிட்டது. டிவி மாட்டும் சுவரில் எலக்ட்ரீஷியன் கரண்ட் பாயிண்ட் மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார். எச்டிஎம்ஐ வயருக்குக் குழாய் போடவில்லை. செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல், லேப்டாப் மூன்றும் எதிர்ச்சுவர் அலமாரியில் இருக்கின்றன. நடுவில் ஐந்து மீட்டர். சுவரைக் கொத்தலாமா என்று வாயெடுத்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார்.

கடையில் வயர்லெஸ் எச்டிஎம்ஐ என்று ஒரு ஜோடி டப்பா காட்டினார்கள். அட்டையில் 4கே, 60 ஹெர்ட்ஸ், 50 மீட்டர் என்று போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா?

இன்னொன்று. கல்லூரி நாட்களில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளில் வயர்லெஸ் யுஎஸ்பி வரப்போகிறது, பிரிண்டர், கேமரா, டிவி எல்லாம் வயரில்லாமல் பேசிக்கொள்ளும் என்று படித்த நினைவு. அது என்ன ஆனது?

#2 கும்பகோணம்காபி

டிவிக்கு எப்படியும் கரண்ட் வயர் போகத்தானே வேண்டும்? அதன் பக்கத்திலேயே இன்னொரு வயர் போனால் யார் பார்க்கப் போகிறார்கள்?

#3 பழையசாலிடர்

தம்பி, முதலில் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் சிப் வடிவமைப்புப் பக்கம் இருந்தவன், இந்தக் கூத்தை அருகிலிருந்து பார்த்தவன்.

அதன் அடிப்படை அல்ட்ரா வைட்பேண்ட். 2002 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவில் ரேடியோ அலைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிசி ஒரு முடிவெடுத்தது: 3.1 முதல் 10.6 கிகா ஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஒலிபரப்பலாம். ஏழரை கிகா ஹெர்ட்ஸ்! அன்றைய வைஃபை ஒரு சேனலுக்கு 20 மெகா ஹெர்ட்ஸ் வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு கட்டுப்பாடு. ஒரு மெகா ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 41.3 டிபிஎம் மேல் போகக்கூடாது. அதாவது சுமார் 75 நானோ வாட். கம்ப்யூட்டர் மாதிரி எந்த மின்னணுப் பெட்டியும் தன்னையறியாமல் கசியவிடும் ரேடியோ இரைச்சலுக்கு என்ன வரம்போ, அதே வரம்பு. ஒரு கரண்டி மாவைக் கல் முழுக்க ரோஸ்ட்டாக இழுப்பது போல, கொஞ்சூண்டு சக்தியை அகலமாகப் பரப்பி அனுப்ப வேண்டும்.

அகலம் இருந்தால் சக்தி குறைவாக இருந்தாலும் வேகம் கிடைக்கும், ஷானன் சூத்திரம் சொல்வது அதுதான். ஆனால் தூரம் கிடைக்காது. அதனால்தான் "ஒரே அறைக்குள்" என்று விற்க நினைத்தார்கள். வயர்லெஸ் யுஎஸ்பி 1.0 விதிமுறை 2005 மே மாதம் வந்தது. 3 மீட்டரில் நொடிக்கு 480 மெகாபிட், 10 மீட்டரில் 110 மெகாபிட். யுஎஸ்பி 2.0 வயரில் கிடைக்கும் அதே 480.

கெடுத்தது எது? சண்டை. தரம் வகுக்கும் அமைப்பான ஐஇஇஇ இதற்காகவே வைத்திருந்த 802.15.3ஏ குழுவில் முதலில் 23 யோசனைகள் வந்தன. 2003இல் அவை இரண்டாகச் சுருங்கின. ஒரு பக்கம் இன்டெல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆதரித்த மல்டிபேண்ட் ஓஎஃப்டிஎம், அதாவது இடத்தைப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பல சின்ன அலைகளில் டேட்டாவைப் பிரித்து அனுப்புவது. மறுபக்கம் மோட்டோரோலாவும், அதிலிருந்து பிரிந்த ஃப்ரீஸ்கேலும் ஆதரித்த டிஎஸ்-யூடபிள்யூபி, அதாவது அகலம் முழுக்கக் குட்டித் துடிப்புகளாக அனுப்புவது. ஒன்று ஜெயிக்க 75 சதவீத வாக்கு வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் வாக்கெடுப்பு, யாருக்கும் 75 வரவில்லை. 2006 ஜனவரியில் குழுவையே கலைத்துவிட்டார்கள். மூன்று வருஷம் போனது போனதுதான்.

#4 சிட்டுக்குருவி_2

ஐயா, ஐஃபோனில் இருக்கும் அல்ட்ரா வைட்பேண்டும் இதுவும் ஒன்றா? அது ஏர்டேக் தேடத்தானே உதவுகிறது, ஃபைல் அனுப்ப முடியாதே?

#5 அலைவரிசை

#4: பெயர் ஒன்று, ஆள் வேறு. பிறகு சொல்கிறேன்.

#3: பழையசாலிடர் அண்ணா, சண்டைதான் காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். குழு கலைந்தபோது கடை மூடவில்லையே. மல்டிபேண்ட் கட்சி வைமீடியா என்ற பெயரில், எக்மா என்ற இன்னொரு தர அமைப்பின் வழியாகத் தங்கள் தரத்தை 2005 டிசம்பரிலேயே வெளியிட்டுவிட்டது, எக்மா-368. ஃப்ரீஸ்கேலும் 2006இல் எதிர் முகாமை விட்டுப் போய்விட்டது. அதே வருடம் புளூடூத் அமைப்பே தன் அதிவேகப் பதிப்புக்கு வைமீடியாவைத் தேர்ந்தெடுத்தது. களத்தில் எதிரியே இல்லை. இருந்தும் 2009 மார்ச்சில் வைமீடியா தன் ஆவணங்களை மற்ற அமைப்புகளிடம் கொடுத்துவிட்டுக் கடையைக் கட்டியது. எதிரி இல்லாத போரில் தோற்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

என் கணக்கு இது. மல்டிபேண்டில் ஒரு பட்டை 528 மெகா ஹெர்ட்ஸ், மூன்று பட்டைகளுக்குள் தாவித் தாவி அனுப்பும். மூன்றையும் சேர்த்தாலும் மொத்த சக்தி ஒரு மில்லி வாட்டில் பத்தில் ஒரு பங்குதான் வரும். வைஃபை ரவுட்டர் நூறு மில்லி வாட் கணக்கில் அனுப்புகிறது. நடுவில் ஒரு ஆள் நின்றால் போதும், 480 என்பது 200 ஆகும், 53 ஆகும்.

அடுத்த அடி சட்டத்திலிருந்து. முதல் சிப்புகள் எல்லாம் 3.1 முதல் 4.8 வரை வேலை செய்யும்படி வடிவமைத்தவை, ஏனென்றால் அதுதான் சுலபம். அமெரிக்கா தவிர மற்றவர்கள் அந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். ஐரோப்பாவும் ஜப்பானும், அங்கே வேறு சேவை ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, ஓடினால் விலகிக்கொள்ளும் வசதி வேண்டும் என்றன. இல்லையென்றால் 6, 7 கிகா ஹெர்ட்ஸுக்கு மேலே போ. ஒரே சிப்பை உலகம் முழுக்க விற்கும் கணக்கு அங்கேயே உடைந்தது. சின்னச் சின்ன சிப் கம்பெனிகள் அடுத்த தலைமுறைக்குப் பணம் தேடி அலைந்த நேரம் 2008, உலகமே பணமில்லாமல் நின்ற நேரம். இன்டெல் அந்த ஆண்டே விலகியது. வைக்வெஸ்ட் 2008 கடைசியில் மூடியது, டீஜீரோ 2009 ஆரம்பத்தில்.

#6 பழையசாலிடர்

அலைவரிசை, நீங்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த மூன்று வருடம் எந்த மூன்று வருடம் என்று பாருங்கள். 2003இல் எதிரில் இருந்தது 54 மெகாபிட் வைஃபை. 2007 நடுவில் வயர்லெஸ் யுஎஸ்பி பெட்டிகள் கடைக்கு வந்தபோது அடுத்த தலைமுறை வைஃபையான 802.11என் வரைவுக்கே வைஃபை கூட்டமைப்பு சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. 2004இல் வந்திருந்தால் கதையே வேறு. நேரம் தவறிப்போனதற்கு சண்டைதான் காரணம், நான் அதில் மாறமாட்டேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. தாவித் தாவி அனுப்பும் கருவியின் சக்தியை அளக்கும்போது தாவலை நிறுத்திவிட்டு அளப்பதா, தாவும்போதே அளப்பதா என்று எதிர்க்கட்சி எஃப்சிசியில் போய் நின்றது. நிறுத்தி அளந்தால் மூன்றில் ஒரு பங்கு சக்திதான் அனுமதி. 2005 மார்ச்சில்தான் தாவும்போதே அளக்கலாம் என்று விலக்கு கிடைத்தது. ஒரு அளவுகோலுக்கு எத்தனை வக்கீல்கள்!

#7 கும்பகோணம்காபி

இரண்டு பேரும் சிப்புக்குள்ளேயே நிற்கிறீர்கள். அந்தப் பெட்டியை வாங்கியவன் வீட்டுக்குள் வாருங்கள்.

2007, 2008இல் வந்த வயர்லெஸ் யுஎஸ்பி ஹப் ஒன்றை ஒரு நண்பர் மேசையில் பார்த்திருக்கிறேன். லேப்டாப்பில் ஒரு டாங்கிள், மடக்கி நிமிர்த்தும் ஆண்டெனாவோடு. மேசையில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் நாலு யுஎஸ்பி துளை. அந்தப் பெட்டிக்கு ஒரு அடாப்டர், அது சுவருக்கு. பெட்டியிலிருந்து பிரிண்டருக்கு வழக்கமான வயர். பிரிண்டருக்குத் தனியாகக் கரண்ட் வயர். ஒரு வயரை எடுக்க இரண்டு வயர் சேர்த்திருக்கிறார்கள்! இதில் உச்சம், இரண்டு பாகங்களும் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொள்ள முதல் தடவை யுஎஸ்பி வயரால் இணைக்கச் சொல்லலாம் என்று விதிமுறையிலேயே ஒரு வழி இருந்தது. இன்னொரு வழி எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து ஓகே சொல்வது. பாதுகாப்புச் சாவியை யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதற்காகத்தான், நியாயம்தான். ஆனால் கடையில் இதை எப்படி விற்பது?

வேகம்? அட்டையில் 480. பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் சில பத்து மெகாபிட். பென் டிரைவை நேராகச் சொருகினால் அதைவிடச் சீக்கிரம் முடியும்.

பிரிண்டர்காரர்கள் பிரிண்டருக்குள்ளேயே வைஃபை வைத்தார்கள். கேமரா போனுக்குள் போய்விட்டது. படம் டிவிக்கே நெட்டில் நேராக வந்துவிட்டது. இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு வேகமாக அனுப்ப வேண்டும் என்ற தேவைதான் செத்தது. சண்டை போடாமல், நல்ல சக்தியோடு, சரியான நேரத்தில் வந்திருந்தாலும் இது ஐந்து வருஷம் கூடுதலாக வாழ்ந்திருக்கும், அவ்வளவுதான்.

#8 அலைவரிசை

பிரிண்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. படம் விஷயத்தில் சரியில்லை. தேவை சாகவில்லை என்பதற்கு #1 தான் சாட்சி.

#4க்குப் பதில்: அதே அகலமான பட்டை, வேறு உபயோகம். இப்போதைய போன்களில் இருப்பது 802.15.4இசட் என்ற விதிமுறை வழி வந்தது, 2020இல் தரமானது. ஐஃபோன் 11 அதற்கு முன்பே 2019இல் யூ1 சிப்போடு வந்துவிட்டது. 500 மெகா ஹெர்ட்ஸ் அகலம் இருந்தால் இரண்டு நானோ நொடி நீளமுள்ள துடிப்பு அனுப்பலாம். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். போய்த் திரும்பிய நேரத்தை அளந்தால் தூரம் பத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் கிடைத்துவிடும். கார் சாவி, தொலைந்த பை, எல்லாம் இந்த வித்தைதான். டேட்டா வேகம் பெரும்பாலும் 6.8 மெகாபிட். யாரும் அதில் படம் அனுப்புவதில்லை.

சட்டத் தொல்லை அப்படியே இருக்கிறது. யூ1 வந்த புதிதில், அல்ட்ரா வைட்பேண்ட் அனுமதி இல்லாத நாட்டில் இருக்கிறோமா என்று பார்க்கவே ஐஃபோன் இருப்பிடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. 2019 டிசம்பரில் அது செய்தியாகவே வந்தது.

#9 லினக்ஸ்லட்டு

ஒரு துணுக்கு. வயர்லெஸ் யுஎஸ்பிக்கு லினக்ஸும் ஆதரவு கொடுத்தது, 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கெர்னலில். 2019இல் அந்தக் குறிமுறையை ஓரமாக நகர்த்தினார்கள், 2020இல் நீக்கிவிட்டார்கள். எங்கே என் டிரைவர் என்று ஒரு ஆள் சத்தம் போட்டதாக நான் பார்க்கவில்லை.

#10 ஸ்கார்பரோக்காரன்

வணக்கம். நீங்கள் எல்லாரும் 60 கிகா ஹெர்ட்ஸை விட்டுவிட்டுக் கதைக்கிறீர்கள். வீட்டு டிவிக்கு உண்மையான போட்டி அங்கேதான் நடந்தது.

முதலில் கணக்கைப் பாருங்கோ. 1080பி படம், நொடிக்கு 60 சட்டகம், ஒரு புள்ளிக்கு 24 பிட். சுருக்காமல் அனுப்பினால் 3 கிகாபிட். 4கே என்றால் 12 கிகாபிட். 480 மெகாபிட் வைத்துக்கொண்டு இதைச் செய்ய ஏலாது, சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். சுருக்கினால் தாமதம், தரக்குறைவு. அதனால் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த சைபீம் என்ற கம்பெனி 60 கிகா ஹெர்ட்ஸுக்குப் போனது. அங்கே ஒரு சேனலே 2 கிகா ஹெர்ட்ஸுக்கு மேல் அகலம். சோனி, எல்ஜி, சாம்சங், பானாசோனிக், தோஷிபா, என்இசி எல்லாம் கூட நிற்க, வயர்லெஸ்எச்டி என்று 2008 ஜனவரியில் விதிமுறை வந்தது. அடுத்த வருடமே அந்த வசதியோடு டிவிகள் கடைக்கு வந்தன.

எதிராக இஸ்ரேலின் அமிமான் கம்பெனி. அவர்கள் 5 கிகா ஹெர்ட்ஸிலேயே, வைஃபை அளவு 40 மெகா ஹெர்ட்ஸ் அகலத்தில் 3 கிகாபிட் படத்தை அனுப்பினார்கள். எப்படி என்றால், படத்தில் கண்ணுக்கு முக்கியமான பிட்டுகளுக்கு அதிகப் பாதுகாப்பு, கடைசி நுணுக்கப் பிட்டுகளுக்குக் குறைந்த பாதுகாப்பு. சிக்னல் மோசமானால் படம் நிற்காது, கொஞ்சம் மண்போட்ட மாதிரித் தெரியும். தாமதம் ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. அதற்குப் பெயர் டபிள்யூஎச்டிஐ. மூன்றாவதாக 2009இல் வைகிக் வந்தது, அதுவும் 60 கிகா ஹெர்ட்ஸ்தான், 7 கிகாபிட், அது 2012இல் 802.11ஏடி ஆகி, பிறகு வைஃபை கூட்டமைப்போடு சேர்ந்தது.

வைகிக் டாக், அதாவது லேப்டாப்பை மானிட்டர்களோடு சேர்க்கும் பெட்டி, ஒன்றை முன்பு வேலை செய்த இடத்தில் பாவித்திருக்கிறேன். மேசையில் லேப்டாப்பை வைத்தவுடன் இரண்டு மானிட்டரும் எரியும், பார்க்க ஆசையாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் வந்து சாய்ந்து நின்று கதைத்தால் திரை கறுக்கும். அவர் நகர்ந்தால் திரும்ப வரும். கடைசியில் எல்லாரும் பழைய டாக்கையே கேட்டு வாங்கினார்கள்.

#11 சிட்டுக்குருவி_2

60 கிகா ஹெர்ட்ஸை ஆக்சிஜன் உறிஞ்சிவிடும், அதனால்தான் தூரம் போகாது என்று பாடத்தில் இருக்கிறதே?

#12 அலைவரிசை

உறிஞ்சும், கிலோமீட்டருக்கு 15 டெசிபெல். உன் ஹால் ஐந்து மீட்டர். கணக்குப் போட்டால் 0.1 டெசிபெல்கூட வராது. வீட்டுக்குள் ஆக்சிஜனைக் குற்றம் சொல்லாதே. அலை நீளம் 5 மில்லிமீட்டர், அதற்கேற்ற ஆண்டெனா ஒவ்வொன்றும் துக்கடா சைஸ், அது பிடிக்கும் சக்தியும் குறைவு. ஒரே மாதிரி ஆண்டெனா வைத்தால் 5 கிகா ஹெர்ட்ஸைவிட 20 டெசிபெலுக்கு மேல் இழப்பு. அதை ஈடுகட்டத்தான் பல ஆண்டெனாக்களைச் சேர்த்து டார்ச் மாதிரி ஒரே திசையில் அடிக்கிறார்கள். குறுக்கே ஆள் வந்தால் சுவரில் பட்டுத் தெறிக்கும் வழியைத் தேட வேண்டும். சைபீம் சிப் அதைத்தான் செய்தது. ஆனால் செங்கல் சுவரைத் தாண்டாது.

டபிள்யூஎச்டிஐ வீட்டுக்குள் வரவில்லை, சினிமாவுக்குப் போய்விட்டது. படப்பிடிப்பில் கேமராவிலிருந்து இயக்குநர் மானிட்டருக்கு வயரில்லாமல் படம் போகிறதே, டெராடெக் போல்ட், அதில் இருந்தது அமிமான் சிப்தான். 2018இல் டெராடெக்கின் தாய் நிறுவனமே அமிமானை வாங்கிவிட்டது. தாமதமில்லாமல் படம் வேண்டும் என்பவன் அதற்கு என்ன விலையும் கொடுப்பான். நாம் கொடுக்கமாட்டோம்.

#13 மட்டுறுத்துநர்

நல்ல பேச்சு, தொடருங்கள். ஆனால் இழையைத் தொடங்கியவர் டிவி மாட்டக் காத்திருக்கிறார்.

#14 திண்ணைத்தம்பி

நன்றி மட்டுறுத்துநரே! படிக்கப் படிக்க சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டையில் 4கே 60 என்று போட்டிருக்கும் அந்த டப்பா இதில் எந்த வகை?

#15 அலைவரிசை

எதுவும் இல்லை. விலை சில ஆயிரம் என்றால் அநேகமாக அது 5 கிகா ஹெர்ட்ஸ் வைஃபை ரேடியோவும் ஒரு வீடியோ சுருக்கும் சிப்பும்தான். 12 கிகாபிட் படத்தைச் சில பத்து மெகாபிட்டாகச் சுருக்கி, அந்தப் பக்கம் விரிக்கும். 4கே என்பது பல டப்பாக்களில் உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு, வெளியே வருவது 1080பி. 50 மீட்டர் என்பது திறந்த மைதானத்தில்.

வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பில் மில்லி நொடி காட்டும் ஸ்டாப்வாட்ச் ஒன்றை ஓடவிடுங்கள். டப்பா வழியாக அதே திரை டிவியில் தெரியட்டும். இரண்டு திரையும் ஒரே சட்டகத்தில் விழும்படி போனில் போட்டோ எடுங்கள். லேப்டாப்பில் 4.310, டிவியில் 4.150 என்று இருந்தால் தாமதம் 160 மில்லி நொடி. சீரியல் பார்க்க இது ஒன்றுமே இல்லை, ஒலியும் சேர்ந்தே தாமதமாகிறது. ரிமோட்டில் சேனல் மாற்றும்போது லேசாக இழுக்கும். கேம் கன்சோலுக்கு? மறந்துவிடுங்கள்.

#16 வயர்மேன்

வேலை செய்கிறவன் சொல்கிறேன். இந்த டப்பா மாட்டிய வீடுகளிலிருந்து வரும் புகார் எல்லாம் ஒரே மாதிரி.

டிவி பக்க டப்பாவுக்கு டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தே கரண்ட் எடுப்பார்கள். பல டிவியில் அது அரை ஆம்பியர்தான் தரும். படம் வந்து வந்து போகும். டப்பாவைக் குறை சொல்வார்கள், ஒரு நல்ல சார்ஜர் போட்டால் சரியாகிவிடும். செட்டாப் பாக்ஸ் படம் மட்டும் கறுப்பாக வந்து லேப்டாப் படம் ஒழுங்காக வந்தால், டப்பாவுக்கு எச்டிசிபி என்ற காப்பித் தடுப்புப் பூட்டைத் திறக்கும் வசதி இல்லை என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டிவி ரிமோட்டிலேயே எல்லாவற்றையும் இயக்கும் வசதியும், டிவி சத்தத்தை சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்புவதும் பெரும்பாலும் இதன் வழியே போகாது. அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் இதே 5 கிகா ஹெர்ட்ஸில்தான் இருக்கின்றன. ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில் அடித்துக்கொள்ளும்.

#17 ஸ்கார்பரோக்காரன்

காசு பிரச்சினை இல்லையென்றால் எல்ஜியின் ஓலெட் எம் வரிசை இருக்கிறது, 2023இல் வந்தது. எல்லா வயரும் ஒரு தனிப் பெட்டியில், அங்கிருந்து டிவிக்கு 4கே 120 ஹெர்ட்ஸ் வயரில்லாமல் போகும். வயர்லெஸ்எச்டிக்காரர்கள் 2008இல் சொன்ன அதே விஷயம், பதினைந்து வருடம் கழித்து. கரண்ட் வயர் அதற்கும் உண்டு, காபி அண்ணை சிரிக்கலாம்.

#18 கும்பகோணம்காபி

சிரித்துவிட்டேன். தம்பி, நான் ஒன்று கேட்கிறேன். செட்டாப் பாக்ஸில் பார்ப்பதில் பெரும்பாலானது டிவியில் ஆப்பாகவே கிடைக்குமே? லேப்டாப் திரையை மிராகாஸ்ட்டில், அதாவது வைஃபை வழியே, டிவிக்கு அனுப்பலாம், அதற்கு எதுவும் வாங்க வேண்டாம். மிச்சம் கன்சோல் ஒன்றுதான். அதைத் தூக்கி டிவிக்குக் கீழே வையுங்கள். கன்ட்ரோலர் ஏற்கெனவே வயரில்லாமல்தான் பேசுகிறது.

#19 பழையசாலிடர்

இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அறைக்குள் கிகாபிட் கணக்கில் அனுப்ப எத்தனை நல்ல மூளைகள் உழைத்தன. ஜெயித்தது, படத்தை நூறில் ஒரு பங்காகச் சுருக்கிப் பழைய வைஃபையிலேயே ஓட்டிய மிராகாஸ்ட்டும் க்ரோம்காஸ்ட்டும். புளூடூத்தும் அப்படித்தான், 2009இல் 3.0 வந்தபோது வைமீடியாவைக் கைவிட்டு வைஃபை ரேடியோவைக் கடன் வாங்கிக்கொண்டது.

#20 அலைவரிசை

அண்ணா, இப்போதைய வைஃபை 6இ, வைஃபை 7 எல்லாம் 6 கிகா ஹெர்ட்ஸில் 160, 320 மெகா ஹெர்ட்ஸ் அகலச் சேனல் வைத்துத்தான் ஓடுகின்றன. மல்டிபேண்டின் 528ஐ எட்டிப்பிடிக்கும் தூரத்தில், ஓஎஃப்டிஎம் முறையிலேயே, ஆனால் பல நூறு மடங்கு சக்தியோடு. உங்கள் ஆட்கள் கேட்ட அகலம் கிடைத்துவிட்டது, வேறு பெயரில், வேறு வீட்டில். வயிறு எரிய வேண்டாம்.

#21 திண்ணைத்தம்பி

சரி, முடிவு செய்துவிட்டேன். லேப்டாப் மிராகாஸ்ட்டில். கன்சோல் டிவிக்குக் கீழே சின்னப் பலகை அடித்து. செட்டாப் பாக்ஸை அப்பா விடமாட்டார், அவருக்கு ரிமோட்டில் நம்பர் அடித்துத்தான் சேனல் வர வேண்டும். அதற்கு மட்டும் ஒரு எச்டிஎம்ஐ வயர், சுவரும் தரையும் சேரும் மூலையில் பிளாஸ்டிக் கேசிங் பட்டி ஒட்டி. கொத்த வேண்டாம் என்றதும் அப்பாவே டேப் எடுத்து அளந்துவிட்டார். மூலை சுற்றிப் போனால் ஒன்பது மீட்டர் வருகிறது. சாதாரண எச்டிஎம்ஐ வயர் போதுமா?

#22 வயர்மேன்

செட்டாப் பாக்ஸ் 1080பி என்றால் நல்ல செம்பு வயர் ஒன்பது மீட்டர் போகும். நாளைக்கு 4கே பாக்ஸ் வரும் என்றால் இப்போதே ஆப்டிகல் எச்டிஎம்ஐ போட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பப் பட்டியைக் கழற்ற வேண்டாம். ஆப்டிகல் வயருக்கு ஒரு முனை பாக்ஸுக்கு, மறுமுனை டிவிக்கு என்று எழுதியிருக்கும், மாற்றிப் போட்டால் படம் வராது. ஒட்டும் முன் இரண்டு பக்கமும் சொருகிப் படம் பார்த்துக்கொள்ளுங்கள். மூலையில் வயரை நறுக்கென்று மடக்காதீர்கள், உள்ளே கண்ணாடி இழை. பட்டியை டிவிக்கு நாலு விரல் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள், எச்டிஎம்ஐ தலை அதற்குள் அடங்காது.